இடம் பத்தாத டேப்லட்

டிக்கெட் எடுத்துட்டீயளா தம்பி? எடுத்தாச்சா? எங்க, காட்டுங்க. தப்பா நினைக்காதீய, பழக்கதோசம். கங்கைகொண்டான்ல ஏறுனீய. கண்டக்டர் முன்னால நின்னாரு, நீங்க பின்வாசல் வழியா வந்து உக்காந்தீய. அதான் கேட்டேன். ம்ம், கோயில்பட்டி. சரியாத்தான் இருக்கு. நானும் கோயில்பட்டிதான் போறேன். திருநெல்வேலியிலயே ஏறிட்டேன்.

இல்ல இல்ல, பை என் மடியிலயே இருக்கட்டும். நீங்க பிடிக்க வேண்டாம். கனம் ஒண்ணும் இல்ல. மேல வச்சாலும் சரிப்படாது, இறங்குத அவசரத்துல எவனாவது கையோட கொண்டு போயிருவான். அப்படிப் போன பை எத்தனையோ எனக்குத் தெரியும்.

என் பேரு ஆவுடையப்பன். பஸ்ஸுல செக்கிங் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர்டானவன். இந்த ரோட்டுல நான் கை காட்டி வண்டிய நிறுத்துனா, கண்டக்டருக்கே வேர்த்துரும். டிக்கெட் எடுக்காதவன் எப்படி இருப்பான்னு நினைக்கீய? திருதிருன்னு முழிப்பான்னுதான எல்லாரும் சொல்லுதாவ. அதெல்லாம் இல்ல. ஜன்னல் வழியா வெளிய பாப்பான். வெளிய ஒண்ணுமே இருக்காது, வெறும் பொட்டலா கிடக்கும், அதப் போயி உத்துப் பாப்பான். இன்னொருத்தன் தூங்குத மாதிரி நடிப்பான். மூஞ்சி தூங்கும், காலு தூங்காது. நான் காலத்தான் பாப்பேன்.

அந்தக் கண்ணோடதான் வீட்டுக்குள்ளயும் இருந்தேன். செருப்ப வாசல்ல கழட்டிப் போடலாம், கண்ண எங்க கழட்டிப் போட?

பைக்குள்ள என்னன்னு கேக்கணும்னு இருக்குல்லா உங்களுக்கு? சொல்லுதேன். டேப்லட்டு. என் மருமவளோடது. செண்பகவல்லின்னு பேரு, நாங்க வல்லிம்போம். கோயில்பட்டிப் பிள்ள. தமிழ் எம்.ஏ. படிச்சிருக்கு. என் மவன் குரு மஸ்கட்டுல வேலை பாக்கான். கல்யாணம் முடிஞ்சு, லீவு தீந்து போறப்ப, இந்த டேப்லட்ட அவ கையில குடுத்துட்டுப் போனான். இப்ப அவ அம்மா வீட்டுல இருக்கா. 'அம்மாவப் பாத்துட்டு வாரேன் மாமா'ன்னுதான் சொல்லிட்டுப் போனா. அம்மாவப் பாக்கப் போறவ தையல் மிசினையா கூடக் கொண்டு போவா? ஆட்டோவுல அத ஏத்துறதப் பாத்துக்கிட்டேதான் நின்னேன்.

ஏறி உக்காந்துட்டு, இந்த டேப்லட்ட என் கையில குடுத்தா. 'மாமா, இத நல்ல கடையில குடுத்து, ஏன் இப்படிப் பாதியில நின்னு போகுதுன்னு கேளுங்க. என்ன சொன்னாவன்னு நீங்களே வந்து என்கிட்ட சொல்லுங்க. அதுக்கப்புறம் நான் வாரதப் பத்திப் பேசலாம்'னா. அழல, ஒண்ணும் செய்யல. அழுதிருந்தாக்கூட எனக்கு இவ்வளவு சந்தேகம் வந்திருக்காது.

விசயம் இதுதான் தம்பி. வெளிநாட்டுல இருக்க நம்ம பிள்ளைகளுக்கு இதுலயே தமிழ் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தா. அங்க சாயங்காலம்னா இங்க விடிகாலையாம்லா. கோழி கூவுத நேரத்துக்குக் கதவச் சாத்திக்கிட்டுப் பேச்சு. பேச்சு மட்டுமா, சிரிப்பு வேற. எனக்கு எப்படி இருக்கும்? புருசன் ஊர்ல இல்ல. 'யாருட்டம்மா பேசுதே'ன்னு கேட்டா, 'பிள்ளைகள்ட்ட மாமா, வந்து பாருங்க'ன்னு கதவத் தொறந்து விட்டா. நான் போகல. வந்து பாருங்கன்னு கூப்புட்டுக் காட்டுறது பாக்குறதுக்குன்னு வச்சிருக்கதுல்லா? 'சோதிச்சுக்கோங்க சார்'னு தானா பைய நீட்டுறவன் எத்தனை பேரு என்கிட்ட மாட்டிருக்கான்.

டேப்லட்டுக்குப் பூட்டும் போடல அவ. நம்பர் கிம்பர் ஒண்ணும் கேக்காது, தொட்டாத் தொறந்துக்கிடும். அது வேற எனக்கு உறுத்துச்சு. மறைக்க ஒண்ணும் இல்லன்னு காட்டிக்கிடுதாளோன்னு.

மகாராசன்னு என்கூட வேலை பாத்த கண்டக்டர். அவன் மவன் செல்போன் கடை வச்சிருக்கான். அவன்ட்ட விசயத்தச் சொன்னேன். 'ஒரு ஆப்பு இருக்கு பெரியப்பா. உள்ள போட்டுட்டா வெளிய தெரியாது. அப்பப்ப திரையப் படம் பிடிச்சு உங்க போனுக்கு அனுப்பிரும்'னான். வல்லி கோயிலுக்குப் போன நேரமாப் பாத்து எடுத்துட்டுப் போயிப் போட்டுட்டு வந்துட்டேன். வீட்டுக்குப் பெரியவன்னு ஒருத்தன் இருந்தா நாலையும் பாக்கணும்லா?

படம் வந்துச்சு. தினம் வந்துச்சு. ஒரு யானை நிக்கும், கீழ 'யா'ன்னு எழுதிருக்கும். ஒரு ஏணி. ஒரு ஓணான். நானும் கண்ணாடியப் போட்டு உத்து உத்துப் பாத்தேன். யானை, ஏணி, ஓணான். இதுல என்னமோ இருக்குன்னு மட்டும் தெரியுது, என்னன்னு பிடிபடல. ஒரு வாரம் முழுக்க மண்டைய உடைச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறந்தான் இது நிக்க ஆரம்பிச்சுது. அவ பாடம் எடுத்துக்கிட்டு இருப்பா, பிள்ளைக மூஞ்சி அப்படியே கல்லு மாதிரி உறைஞ்சு போகும். யானைப் படத்தக் காட்டிட்டுப் பிள்ளைகள்ட்ட திரும்பி வந்தா, பிள்ளைகளக் காணாது. எல்லாம் மூடிக்கிட்டு, முதல்ல இருந்து வட்டஞ் சுத்தும். அவளும் என்னெல்லாமோ செஞ்சு பாத்தா. வகுப்புக்கு முன்னால அணைச்சுப் போடுவா. படம் காட்டுறத விட்டுட்டு, அட்டையில எழுதிக் கையில பிடிச்சுக் காட்டுனா. பாட்டெல்லாம் அழிச்சா. 'இடம் பத்தல போல மாமா'ன்னா. சரி, பிள்ள கஷ்டப்படுதேன்னு நானே போயி மெமரி கார்டு வாங்கிட்டு வந்தேன், கடையில இருக்கதுலயே பெருசு. நானே போட்டும் குடுத்தேன். நான் என்ன கல் நெஞ்சுக்காரனா? ஒரு மாத்தமும் இல்ல. கார்டு விக்கிறவன் போலியத் தந்துட்டான்னு அவன்ட்டப் போயிச் சண்டை போட்டேன்.

இந்தச் சமயத்துலதான் மெட்ராஸ்ல ஒரு கம்பெனிக்காரன், வல்லியை நிரந்தரமா எடுத்துக்கிடுதோம், ஒரு வகுப்பு எங்க முன்னால எடுத்துக் காட்டுங்கன்னு சொல்லிருக்கான். அதுக்கு முந்துன நாளு. என் போனுக்கு ஒரு படம் வருது. பாத்தா, கல்யாணப் போட்டோ. ஒண்ணொண்ணுக்கும் மூலையில டிக் போட்டிருக்கு, கீழ குப்பைத் தொட்டி. அழிக்கா! மாலை மாத்துனது, தாலி கட்டுனது, எல்லாத்துக்கும் டிக்கு. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க? உடனே குருவுக்குப் போனப் போட்டேன். 'ஏல, உன் பொண்டாட்டி கல்யாணப் படத்தையே அழிக்கா, என்னன்னு கேளு'ன்னேன். அவன் கேட்டான். கேட்ட கேள்வி நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். 'வகுப்புக்கு இடம் வேணும்னுதான் அழிச்சேன், எல்லாம் ஆல்பத்துல இருக்குல்லா'ன்னு அவ சொல்லுதா. அவன் கேக்கல. அவ அதுக்கப்புறம் ஒண்ணு கேட்டா பாருங்க. 'நான் அழிச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?'னா. குரு போன வச்சுட்டான்.

மறுநாள் அந்த வகுப்பு. ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல நின்னு போச்சு. திரும்பப் போட்டா, திரும்ப நின்னுச்சு. மூணாந் தடவை அவ போடவே இல்ல. நான் வாசப்பக்கம் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். என் போனுக்குப் படம் வருது: கறுப்புத் திரை, நடுவுல வட்டம். அவ அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்னு அதுல இருந்து தெரிஞ்சுக்கிட்டேன். சாயங்காலம்தான் அந்தத் தையல் மிசின் ஆட்டோவுல ஏறுச்சு.

கம்பெனிக்காரன் நல்லவன் போல, இன்னொரு தடவை பாக்கலாம்னுட்டான். நாளைக் காலையில. அதையும் விட்டா வேலை போச்சு. வேலை போனா, இந்தப் பிள்ள எங்க வீட்டுப் படி ஏறாது. அது எனக்குத் தெரியும். அதான் இன்னிக்கே கடைக்குப் போயி, இன்னிக்கே தூக்கிட்டு ஓடுதேன்.

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு கடை. பெனிட்டான்னு ஒரு பொண்ணு, இன்ஜினியரிங் படிச்ச பிள்ள, அதுதான் பாக்கும். கழட்டுனா என்னத்தையாவது மாத்திருவாளோன்னு பக்கத்துலயே ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டேன். அவ கழட்டவே இல்ல. எதையோ தட்டுனா, பாத்தா. 'சார், இதுல பழுதே இல்ல'ன்னா. பழுது இல்லன்னா ஏம்மா நிக்குது?

'கார்டு போட்டீங்க சரி, அது பரண் சார். பரண்ல எத்தனை பாத்திரம் வேணும்னாலும் அடுக்கலாம். சமைக்கிறது அடுப்படி மேடையிலதான? அது இதுல ரொம்பச் சின்னது. பேட்டரி நாள் முழுக்க நிக்கணும்னு சின்னச் சிப்பாப் போட்டு, மேடையையும் அதோட சேத்தே ஒட்டிட்டான். இனி அதப் பெருசாக்க முடியாது. மேடையில இடம் பத்தலன்னா, இது என்ன செய்யும் தெரியுமா? எது கண்ணுக்கு முன்னால இல்லையோ அத வெளிய தள்ளிரும். யானைப் படத்தக் காட்ட அந்தப் பிள்ள அங்கிட்டுப் போகுதுல்ல, அந்த நேரம் பாத்து வகுப்பத் தள்ளிருது'ன்னா.

கல்யாணப் போட்டோவ அழிச்சாளே அது எதுலம்மா சேத்தின்னு கேட்டேன். 'அதுவும் பரண்தான் சார். அழிச்சதுல ஒரு பிரயோசனமும் இல்ல'ன்னா. கேட்டதும் எனக்கு என்னமோ மாதிரி ஆகிட்டு.

சரி, மேடையில அப்படி என்னத்ததான் வச்சிருக்குன்னு கேட்டேன். திரையத் திருப்பி என்கிட்டக் காட்டுனா. 'மூணு ஆப்பு இருக்கு சார். மூணும் வேவு பாக்குறது. இதுகள மட்டும் வெளிய தள்ள முடியாது, எப்பவும் முழிச்சே இருக்கும். ஒரு பஸ்ஸுல மூணு செக்கிங் இன்ஸ்பெக்டர் ஏறி நடுவுல நின்னா, பயணி எங்க சார் நிப்பாங்க?'ன்னா. நான் யாருன்னு அவட்ட சொல்லவே இல்ல தம்பி. எங்கிருந்து அந்த வார்த்தை வந்துச்சோ.

மூணுன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுட்டு. ஒண்ணு நான் போட்டது. மத்த ரெண்டும் யாரு? எவனோ வெளியாளு குடும்பத்துக்குள்ள பூந்துட்டான்னு நினைச்சேன். அவ பாத்துச் சொன்னா, ஒண்ணு சத்தத்தப் பதியுறது, அதுல இருக்க பேரு முருகவேலு. முருகவேலு யாரு? என் கொழுந்தியா மவன்! வீட்டுக்குப் போனப் போட்டேன். எங்க வீட்டுக்காரி காந்திமதி, ஒளிக்கக்கூட இல்ல. 'ஆமா, நாந்தான் போடச் சொன்னேன். அவ அம்மாட்ட என்னைப் பத்தி என்ன பேசுதான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?'ங்கா. இன்னொண்ணு எங்க போறா, என்ன எழுதுதான்னு பாக்குறது. அது குரு. மஸ்கட்டுல இருந்து வாங்கிட்டு வரும்போதே உள்ள போட்டுக் கொண்டாந்திருக்கான். கேட்டா, 'சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தாம்பா'ங்கான்.

எனக்கு வந்துச்சு பாருங்க ஒரு ஆத்திரம்! கடையில நின்னே ரெண்டு பேரையும் பிடிச்சு ஏசுனேன். ஒருத்தருக்கொருத்தர் நம்பிக்கை இல்லாம இது என்ன குடும்பம்? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டுட்டுச் செய்ய வேண்டாமா? எனக்குத் தெரியாம என் வீட்டுக்குள்ளயே வேவா? அந்த பெனிட்டா தலையக் குனிஞ்சுக்கிட்டே எதையோ துடைச்சுக்கிட்டு இருந்தா. சிரிச்சாளோ என்னமோ.

'மூணையும் எடுத்துரவா சார்?'னா. நான் யோசிச்சேன். 'மத்த ரெண்டையும் எடுத்துரு, இது இருக்கட்டும்'னேன். 'ரெண்ட எடுத்தாலே ஓடுமா?'ன்னேன். ஓடும்னா. அப்புறம் என்ன? நியாயமாத்தான செஞ்சிருக்கேன்? மூணுல ரெண்டு போயாச்சு. வீட்டுக்கு ஒரு ஆளு பாத்தாப் போதாதா? அவ என்னைய ஒரு மாதிரிப் பாத்துட்டு, 'எப்ப வேண்டாம்னு தோணுதோ நீங்களே எடுத்துரலாம் சார். நீங்க வச்ச நம்பரக் கேக்கும், போட்டாப் போதும்'னு சொல்லிக் குடுத்தா.

இருங்க, எடுத்துக் காட்டுதேன். பாத்தீயளா, தொட்டதும் எப்படி வருதுன்னு? இது அவ வகுப்பு. இது யானை. திரும்ப வகுப்பு. நிக்கல பாருங்க.

இப்ப என் கவலை என்னன்னா, அவட்ட என்ன சொல்ல? 'நீங்களே வந்து சொல்லுங்க'ன்னுல்லா சொல்லிருக்கா. சிப்பு சின்னச் சிப்புன்னு சொல்லலாம். அது உண்மைதான். மாமியாரும் புருசனும் இப்படிச் செஞ்சுட்டாவன்னும் சொல்லலாம். அதுவும் உண்மைதான். ஆனா அவளுக்கு முந்தியே எல்லாம் தெரியுமோன்னு ஒரு சந்தேகம். 'உங்களுக்கு எப்படித் தெரியும்'னு அன்னிக்குக் கேட்டாள்லா? தெரிஞ்சுக்கிட்டே என்னைய அனுப்பிருக்காளோ? என் வாயால வருதான்னு பாக்காளோ? யாரு யாரைச் செக் பண்ணுதான்னே தெரியல தம்பி.

என்ன, வண்டிய ஓரங்கட்டுதான்? கயத்தாறு தாண்டிட்டுல்லா? அட, செக்கிங்! பாருங்க, எங்காளுகதான். புதுப் பையன் போல, சட்டை இன்னும் மடிப்புக் கலையல. பின்னால இருந்து வாரான், நல்ல முறை அது. நானும் அப்படித்தான் வருவேன்.

டிக்கெட்டா சார்? இருக்கு. திருநெல்வேலியில எடுத்தேன். பாஸ் புதுப்பிக்கக் குடுத்திருக்கு சார், அதனால டிக்கெட்டுத்தான் எடுத்தேன். இருங்க. சட்டைப் பையிலதான் வச்சேன். இல்ல, வேட்டி மடிப்புல. நானும் டிபார்ட்மெண்டுதான் சார், இன்ஸ்பெக்டரா இருந்தேன். ஐடி கார்டு கையில இல்ல. எல்லாரும் இப்படித்தான் சொல்லுவாவளா? அது எனக்கும் தெரியும் சார், நானும் அதத்தான் சொல்லுவேன். எந்திரிக்கணுமா? எந்திரிக்கேன். பையையா? பையில டேப்லட்டு சார், என் மருமவளோடது. ஏன், நான் டேப்லட்டு வச்சுக்கப் பிடாதா? யம்மா, எல்லாரும் என்ன அப்படிப் பாக்கீய? எடுத்தேன் சார், நான் எடுத்தேன்…

இந்தா! இந்தா இருக்கு சார். டேப்லட்டு உறைக்குள்ள சொருகிருக்கேன். பத்திரமா இருக்கட்டும்னு நாந்தான் சொருகிருப்பேன். பாத்துக்கிட்டீயளா? சரி சார். பரவால்ல சார். உங்க வேலைய நீங்க பாக்கீய.

போயிட்டானா? இறங்கிட்டானா?

தண்ணி இருக்கா தம்பி? கொஞ்சம் குடுங்க. இந்த ரோட்டுல எத்தனை பேர எந்திரிச்சு நிக்க வச்சிருக்கேன். நிக்கிறவனுக்குக் காலு இப்படி ஆடும்னு எனக்குத் தெரியாது.

ஆமா, நீங்க ஒண்ணு சொன்னீயல்லா? அவன் என் பைய வாங்கப் போறப்ப. 'ஐயா டிக்கெட் எடுத்திருப்பாரு சார், தேட விடுங்க'ன்னு நீங்கதான சொன்னீய? அதெப்படிச் சொன்னீய? நீங்க கங்கைகொண்டான்ல ஏறுன ஆளு. நான் திருநெல்வேலியில எடுத்தேன். நீங்க பாக்கவே இல்ல. என்னைய உங்களுக்கு முன்னப் பின்னத் தெரியாது. ஏறுனதும் உங்க டிக்கெட்டத்தான் வாங்கிப் பாத்தேன் நான். எதுக்குச் சொன்னீய? என்கிட்ட உங்களுக்கு ஏதும் ஆக வேண்டியது இருக்கா?

இல்லையா. சும்மா தோணுச்சா.

சும்மா எப்படித் தோணும்?

…சரி.

ஊரு வந்துட்டு போல. அன்னா மேம்பாலம் தெரியுது. தம்பி, இந்த டேப்லட்டக் கொஞ்சம் பிடிங்க. ஆமா, கையிலயே வாங்கிக்கோங்க. எனக்குக் கண்ணாடி இல்லாம பொடி எழுத்துத் தெரியல. அதுல என் ஆப்பு இருக்கும், கண்ணு மாதிரி ஒரு படம் போட்டு. அத எடுக்கணும்னா எங்க அமுக்கணும்னு பாருங்க. வேற ஒண்ணும் இல்ல, நாளைக்குப் பரீட்சையில, கொஞ்சம் இடம் கூடுதலா இருந்தா நல்லதுதான? அதுக்குத்தான்.

நம்பர் கேக்குதா? என் பழைய பேட்ஜ் நம்பர்தான். காதக் குடுங்க. வேண்டாம், சத்தமாவே சொல்லுதேன், அத வச்சு இனி யாரு என்ன செய்யப் போறா. ஏழு, நாலு, ஒண்ணு, ஆறு.

என்ன சொல்லுது? 'நிச்சயமாக நீக்க வேண்டுமா'ன்னு கேக்குதா? பாருங்க, அதுக்கும் என் மேல நம்பிக்கை இல்ல.

ஆமான்னு அமுக்குங்க தம்பி. அவட்டச் சொல்லுறதுக்கு ஒரு வார்த்தையாவது வேணும்லா எனக்கு.